கோயில் புத்தகமும் வம்சப் பெருமையும்

நம்மவர்களுக்குச் சமீப காலமாக ஒரு புது ஆசை பிறந்திருக்கிறது. வீடு கட்டியாகிவிட்டது, பையன் கடல் கடந்து போய் நல்ல வேலையில் அமர்ந்துவிட்டான், பெண்ணுக்கும் கலியாணமாகிவிட்டது. இன்னும் என்ன குறை என்று பார்த்தால், ஒரு பாட்டன் குறை. நாலு பேர் கூடிய இடத்தில் எடுத்துச் சொல்லும்படியான பாட்டன். உடனே அவரைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மற்றவர்கள் செப்பேட்டையும் கோயில் மரியாதையையும் தேடிப் போவார்கள். எங்கள் கிறிஸ்தவக் குடும்பத்தார் பங்குக் கோயிலின் மர அலமாரியைத் தேடிப் போகிறார்கள். அதற்குள்ளே ஞானஸ்நானப் புத்தகம் இருக்கிறது. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிப் பெயரிட்ட நாள், தாய் தகப்பன் பெயர், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர் எல்லாம் அதில் வரி வரியாக எழுதியிருக்கும். பேரனிலிருந்து தகப்பனுக்கு, தகப்பனிலிருந்து பாட்டனுக்கு என்று படிப்படியாக மேலே ஏறிப் போகலாம்.

ஏறிப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஏறிப் போனவர்கள் திரும்பி வந்து அச்சிடும் ‘குடும்ப மலர்’ இருக்கிறதே, அதில்தான் ஆட்சேபம். வழவழப்பான காகிதம். முதல் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா, இரண்டாம் பக்கத்தில் ஓர் ஆலமரம். மரத்தின் அடியில் முதல் பாட்டனார், கிளைகளில் பிள்ளைகள், இலைகளில் டாக்டர்களும் என்ஜினீயர்களும். மூன்றாம் பக்கத்துக்கு ஒரு முகவுரை வேண்டும். கதை எழுதுகிறவன் என்ற முறையில் அதைக் கேட்டு என்னிடமும் வருகிறார்கள். இதுவரை ஐந்தாறு மலர்களைப் படித்திருக்கிறேன். ஒன்றுக்கும் முகவுரை கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். அவை ஞானஸ்நானப் புத்தகத்தை ஆதாரம் காட்டிக்கொண்டு, ஞானஸ்நானப் புத்தகத்துக்கு விரோதமாக எழுதப்பட்டவை.

முதலில் இந்தப் புத்தகம் ஏன் பிறந்தது என்று பார்க்க வேண்டும். நம் வம்சப் பெருமையைக் காப்பாற்றுவதற்காகப் பிறக்கவில்லை, அது நிச்சயம். திரெந்து நகரத்தில் கூடிய சங்கம் 1563-ல் ஒரு சட்டம் செய்தது. கலியாணங்களுக்கு ஒவ்வொரு பங்கிலும் புத்தகம் வைக்க வேண்டும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானப்பெற்றோர் யார் என்று விசாரித்து, அவர்கள் பெயரைப் புத்தகத்தில் எழுத வேண்டும். காரணம் என்ன? ஞானத்தகப்பனுக்கும் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் ஓர் உறவு உண்டாகிறது. அந்த உறவுக்குள் பின்னால் கலியாணம் கூடாது. யார் யாருக்கு உறவு என்று தெரியாவிட்டால் எப்படித் தடுப்பது? ஆகவே எழுதி வை என்றார்கள். பிறகு 1614-ல் ஐந்தாம் சின்னப்பர் பாப்பு வெளியிட்ட ரோமைச் சடங்கு நூல், எந்தெந்தப் புத்தகம் வைப்பது, எந்த வாசகத்தில் எழுதுவது என்று மாதிரி வாசகங்களோடு வகுத்துக் கொடுத்தது. இன்று நம் ஊர்க் கோயில்களில் பழைய லத்தீன் வரிகளைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் அந்த மாதிரியின் பிரதியைத்தான் படிக்கிறார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், கலியாணத்துக்குத் தடை உண்டா என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட கணக்கு இது. அந்தத் தடை நம் தமிழ்நாட்டில் வந்து பட்ட பாட்டை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அத்தை மகளும் மாமன் மகளும் நமக்கு முறைப்பெண்கள், உரிமைக்காரிகள், அவர்களை விட்டு வெளியே பெண் எடுத்தால்தான் ஊரில் கேள்வி. சபைச் சட்டத்துக்கோ அவர்கள்தான் விலக்கப்பட்ட உறவு. ஆகவே கலியாணத்துக்குக் கலியாணம் மேற்றிராணியாரிடம் விலக்கு வாங்க வேண்டும். விலக்குக் கேட்கும் மனுவில் இரு பக்கமும் எந்தப் பாட்டனில் சேருகின்றன என்று கோடு போட்டு வரைந்து காட்ட வேண்டும். பங்குச் சுவாமியார் அலமாரியைத் திறந்து, புத்தகத்தைப் புரட்டி அதை வரைவார். நம் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வம்சக் கொடி வரைந்தவர்களில் முந்தியவர் அவர்தான். அவர் வரைந்த கொடி மேலே போகப் போக விரிவதில்லை, சுருங்குகிறது. அத்தை மகளைக் கட்டியவனுடைய பிள்ளைக்குக் கொள்ளுத் தாத்தா பாட்டிமார் எட்டுப் பேர் இல்லை, ஆறு பேர்தான். மேலும் இரண்டு தலைமுறை இப்படியே போனால் ஆலமரம் அல்ல, கயிற்று முடிச்சு. மலர் போடுகிறவர்களுக்கு இந்த முடிச்சு பிடிப்பதில்லை. படத்தில் அழகாக வராது. ஆகவே ஒரே கிழவியை இரண்டு கிளைகளில் இரண்டு கிழவிகளாக உட்கார்த்தி வைத்துவிடுகிறார்கள்!

இது சில்லறைத் தப்பு. பெரிய தப்புக்கு வருகிறேன்.

தென்கடற்கரைக் குடும்பங்கள் சிலவற்றின் மலரில் முதல் பாட்டனாருக்கு அர்ச். சவேரியார் தம் கையாலேயே ஞானஸ்நானம் கொடுத்தார் என்று வருஷத்தோடு எழுதியிருக்கும். ‘கோயில் பதிவேடு’ என்று ஆதாரமும் காட்டியிருக்கும். சவேரியார் முத்துக்குளித் துறைக்கு வந்தது 1542-ல். அவர் இறந்தது 1552-ல். திரெந்துச் சங்கத்தின் சட்டம் 1563-ல். புத்தகம் வை என்று சொல்லும் பொதுச்சட்டமே பிறக்காத காலத்துப் பதிவை இவர்கள் எந்த அலமாரியில் கண்டார்கள்? திருவிதாங்கூர்க் கரையில் ஒரு மாதத்துக்குள் பதினாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகவும், அவரவர்க்குப் புதுப் பெயரை எழுதிக் கையில் கொடுத்ததாகவும் சவேரியார் 1545 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். பதினாயிரம் பேர்! கை சோர்ந்துபோகும் வேகத்தில் நடந்த காரியம். அந்தக் கூட்டத்தில் உங்கள் பாட்டனாரும் ஒருவராக இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்று எழுதுங்கள். யார் வேண்டாம் என்றார்கள்? பதிவேடு சொல்கிறது என்று எழுதாதீர்கள்.

அடுத்த கூத்து, பெயரைப் பார்த்து இரத்தம் சொல்வது. பெர்னாண்டோ, பெரேரா, கோஸ்தா, மச்சாடோ என்று கடற்கரையில் பெயர்கள் வழங்குகின்றன. 1535-க்கும் 1537-க்கும் இடையில் பரதகுலத்தார் ஆயிரக்கணக்கில் வேதத்தில் சேர்ந்தபோதும், அதற்குப் பிறகும், ஞானத்தகப்பனாக நின்றவர், ஆதரித்தவர் பெயராக வந்த பெயர்கள் அவை. பெயர் வந்தது கப்பலில். ஆள் இருந்தது கரையில். இதைத் தலைகீழாக்கி, லிஸ்பன் நகரத்திலிருந்து வந்த ஒரு கப்பல் தலைவரை அடிமரத்தில் நட்டுவிடுகிறார்கள். கடலுக்குள் மூச்சடக்கி முத்தெடுத்த மனிதனின் பேரன் என்று சொல்லிக்கொள்வதைவிட, துப்பாக்கியோடு வந்து இறங்கிய அந்நியனின் பேரன் என்று சொல்லிக்கொள்வது இவர்களுக்குக் கௌரவமாகப் படுகிறது.

உள்நாட்டுக்காரர்கள் வேறு வழியில் போகிறார்கள். புத்தகத்தில் சுவாமியார் லத்தீனில் ‘பேத்ருஸ்’ என்று எழுதியிருப்பார். ஊரில் அவனை ராயப்பன் என்றுதான் கூப்பிட்டார்கள். பவுலுஸ் என்று எழுதியிருந்தால் சின்னப்பன். யோவான்னெஸ் என்றால் அருளப்பன். யாக்கோபுஸ் என்றால் யாகப்பன் அல்லது சந்தியாகு. எத்தனை அழகான தமிழ்ப் பெயர்கள்! வேதாகமத்தைக் கற்று, பெயரின் பொருளை அறிந்து யாரோ பெரியவர்கள் ஆக்கிக் கொடுத்தவை. மலரில் இந்த ராயப்பன் எப்படி வருகிறான் தெரியுமா? ‘மிஸ்டர் பீட்டர்’ என்று வருகிறான். வாழ்நாள் முழுவதும் இடுப்பில் நாலு முழ வேட்டியோடு பனையேறிய மனிதன், செத்து நூறு வருஷம் கழித்து மிஸ்டர் ஆகிவிட்டான்.

இவையெல்லாம் இருக்கட்டும். சேர்த்துக்கொண்ட பொய்யைவிட, விட்டுவிட்ட உண்மைதான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது.

ஞானஸ்நானப் புத்தகத்தின் பெரிய சிறப்பு என்ன? நம் பழைய வம்சாவளிகளை எடுத்துப் பாருங்கள். இன்னான் மகன் இன்னான், அவன் மகன் இன்னான் என்று ஆண்பிள்ளைகளாகவே போகும். பெண் ஒருத்தி நடுவில் இருந்தாள் என்பதற்கு அடையாளமே இராது. கோயில் புத்தகத்திலோ ஒவ்வொரு வரியிலும் தாயின் பெயர் உண்டு. ஞானத்தாயின் பெயர் உண்டு. கையெழுத்துப் போடத் தெரியாத, பட்டா இல்லாத, கல்லறைக்குக் கல்கூட இல்லாத பெண்களின் பெயரை மை தொட்டு எழுதிய புத்தகம் நம் கிராமங்களில் வேறு எது இருந்தது? அதைப் பார்த்துவிட்டு வந்து வரைந்த மரத்தில் திரும்பவும் ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். அடைப்புக்குறிக்குள் ‘மனைவி’ என்று ஒரு சொல். பெயர் தெரியாமல் அல்ல. புத்தகத்தில் இருந்ததைக் கண்ணால் கண்டுவிட்டுத்தான் விட்டிருக்கிறார்கள்.

செத்துப்போன குழந்தைகள் கதையும் இதுதான். ஒரே தாய் தகப்பனுக்கு ஐந்து வருஷத்துக்குள் மூன்று தரம் ஒரே பெயரில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கும். தெரியாதவர்கள் எழுதினவர் பிசகிவிட்டார் என்பார்கள். பிசகவில்லை. முதல் பிள்ளை போயிற்று, நேர்ந்துகொண்ட அர்ச்சியசிஷ்டரின் பெயரை விடமாட்டேன் என்று தாய் அடுத்த பிள்ளைக்கும் அதையே வைத்தாள், அதுவும் போயிற்று, மூன்றாவது தங்கிற்று. இந்த மூன்று வரிகளுக்கு நடுவில் ஒரு நாவல் இருக்கிறது. மலரில் மூன்றாவது பிள்ளை மட்டும் இலையில் தொங்குகிறது.

இனி மருத்துவச்சியின் விஷயம். பிரசவத்தில் பிள்ளை பிழைக்காது என்று தோன்றினால், சுவாமியார் வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்றால், பக்கத்தில் இருக்கிற யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது சபையின் பழைய விதி. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவள் யார்? மருத்துவச்சி. ஆகவே மருத்துவச்சிகளுக்குச் சரியான மந்திரத்தைக் கற்றுக்கொடுத்து வையுங்கள் என்று சடங்கு நூல் குருக்களுக்குச் சொல்கிறது. வீட்டில் அவசரத்துக்கு ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு என்று புத்தகத்தில் தனி வாசகம் உண்டு. அதில் தண்ணீர் ஊற்றியவளைக் குறிக்க இடமும் உண்டு. நம் ஊர்களில் மருத்துவச்சி எந்தத் தெருவிலிருந்து வந்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முன்வாசல் வழியாக அவளை உள்ளே விடமாட்டார்கள். பிரசவ அறைக்குப் பின்வாசல். 1910-ல் இடிக்கப்படும் வரையில் கோயிலுக்குள்ளேயே சாதிக்குச் சாதி சுவர் வைத்துப் பூசை கண்ட வடக்கன்குளமும், சுவர் போனதற்காக ஹைகோர்ட்டு வரைக்கும் வழக்காடிய பெருமக்களும் நம்முடைய சரித்திரத்தில்தான் இருக்கிறார்கள். அந்த நாட்டில், உயர்ந்த குடும்பம் என்று சொல்லிக்கொண்ட எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைத் தலையில் முதல் ஞானத் தண்ணீரை ஊற்றிய கை அவளுடைய கை. குரு பிறகு வந்து எண்ணெய் பூசினார், உப்பு வைத்தார், புத்தகத்தில் எழுதினார். ஞானஸ்நானத்தைத் திரும்பக் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடாது. அவள் கொடுத்ததே செல்லும்.

எங்கள் குடும்பத்திலும் ஒரு மலர் தயாராகிக்கொண்டிருக்கிறது. என் சித்தப்பா மகன் அதில் முனைந்திருக்கிறான். எங்கள் கொள்ளுத் தாத்தா தோணி வைத்து இலங்கைக்குச் சரக்கு ஏற்றி இறக்கிய மனிதர். ஊரில் முதல் காரை வீடு கட்டியவர். அவருடைய ஞானஸ்நான வரியை நானும் அவனும் சேர்ந்தே பார்த்தோம். புத்தகத்தைக் கறையான் விட்டுவைத்திருந்தது, மை விட்டுவைக்கவில்லை. அந்தக் காலத்து இரும்பு மை காகிதத்தையே அரித்துவிடும். ஆனாலும் படிக்க முடிந்தது. பிள்ளையின் பெயர் இருந்தது. தாயின் பெயர் இருந்தது. தகப்பனின் பெயர் இல்லை. சாவு ஆபத்தில் வீட்டிலேயே மருத்துவச்சியால் ஞானஸ்நானம் பெற்றது என்ற குறிப்பு இருந்தது. அவள் பெயரில் ‘மா’ என்ற முதல் எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. மரியாளோ, மதலேனாளோ, மார்த்தாளோ, மீதியை மை தின்றுவிட்டது.

வெளியே வந்ததும் தம்பி சொன்னான்: “அண்ணே, தகப்பன் இடத்திலே ஒரு பேரு போட்டுக்கிடுவோம். யாருக்குத் தெரியப் போவுது?”

“மருத்துவச்சியை?”

“அவ எதுக்கு? அவ நம்ம ஆளா?”

அவன் கெட்டவன் இல்லை. குடும்பத்தில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் முதலில் ஓடுகிறவன் அவன்தான். ஊர் சிரிக்கக் கூடாது என்று நினைக்கிறான். ஆனால் இந்த இடத்தில், அந்தப் பழைய சடங்கு நூல் எங்கள் தம்பியைவிட நாகரிகமாக நடந்துகொள்கிறது என்பதை நான் சொல்லியாக வேண்டும். சட்டப்படியான கலியாணத்தில் பிறக்காத பிள்ளையானால், தாய் தகப்பனில் யார் என்று நிச்சயமாகத் தெரிகிறதோ அவர் பெயரை மட்டும் எழுது. யாருக்கும் அவதூறு வருவதற்கு இடம் கொடுக்காதே என்று அது குருவுக்குச் சொல்கிறது. பொய்ப் பெயர் போட்டு நிரப்பு என்று சொல்லவில்லை. வரியையே விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. தெரிந்ததை எழுதி, தெரியாததை வெறுமையாக விட்டு, மனிதரின் மானத்தையும் காப்பாற்றியிருக்கிறது. அந்த வெற்றிடத்தைத் தன் கற்பனையால் நிரப்பப் பேரனுக்கு என்ன பாத்தியதை? கற்பனை என் தொழில். அதற்கு நான் கதை என்று பெயர் போட்டு விற்கிறேன்.

“எதற்காக ஐயா பழைய புண்ணைக் கிளறுகிறீர்கள்? செத்தவர்களின் மானத்தை விட்டுவிடக்கூடாதா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. கிளறியது நான் அல்லவே! அலமாரியைத் திறக்கச் சொன்னவர் நீங்கள். பெருமை கிடைத்தால் எடுத்துக்கொள்வேன், மற்றதைப் புதைப்பேன் என்றால், புத்தகத்தின் பெயரைச் சொல்லாமல் பாட்டி சொன்ன கதை என்று போட்டுக்கொள்ளுங்கள். நான் வாய் திறக்க மாட்டேன். அதோடு, அந்தத் தாயின் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா? தகப்பன் பெயர் சொல்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் கோயில் படி ஏறியிருக்கிறாள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் தோணி விட்டது. காரை வீடு கட்டியது. எங்கள் குடும்பத்தில் வீரம் என்று ஒன்று உண்டானால் அது அந்தப் படியில் ஏறியது. தம்பி தேடுகிற கப்பல் தலைவனிடம் இல்லை.

முதல் கிறிஸ்தவர் என்ற பெருமையையே எடுத்துக்கொள்வோம். லுத்தரன் சபையார் தரங்கம்பாடியைத் தங்கள் பிறப்பிடமாகக் கொண்டாடுகிறார்கள்; நியாயம்தான். சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கினார்கள். அவர்கள் கையில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் 1707 மே மாதத்தில் ஐந்து பேர். ஐந்து பேரும் டேனிஷ்காரர் வீடுகளில் இருந்த அடிமைகள். தரங்கம்பாடி மிஷனிலிருந்து வம்சத்தைத் தொடங்கும் மலர்கள் இரண்டைப் பார்த்தேன். இரண்டிலும் முதல் பாட்டனார் நிலபுலனோடு வேதத்துக்கு வந்த கனவான். அந்த ஐந்து அடிமைகளுக்கும் சந்ததி என்று கையைத் தூக்குகிற குடும்பம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

யாழ்ப்பாணத்திலோ வேறு விதமான சிக்கல். 1658-லிருந்து 1795 வரை அங்கே ஆண்ட ஒல்லாந்தர், தங்கள் சபையில் ஞானஸ்நானமும் கலியாணமும் பதிந்தவர்களுக்கே உத்தியோகமும் சட்டப்படியான வாரிசு உரிமையும் என்று வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் எழுதிய தோம்பில் சைவரும் பெயர் கொடுத்தார்கள். ரகசியமாகப் பூசை கண்டுகொண்டிருந்த கத்தோலிக்கரும் கொடுத்தார்கள். காணி போய்விடக்கூடாதே! வெள்ளைக்காரன் மாறி, அந்த நிர்ப்பந்தம் நீங்கியதும் ஒல்லாந்தச் சபை கரைந்துவிட்டது. இன்றைக்கு அந்தத் தோம்பைப் பார்த்துவிட்டு ‘எங்கள் முன்னோர் முந்நூறு வருஷமாகக் கிறிஸ்தவர்’ என்று எழுதுகிறவர், தம் பாட்டன் நெற்றியிலிருந்து திருநீற்றை அழித்துக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து திரும்பப் பூசிக்கொண்டிருக்கக்கூடும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில்கூட இந்த நாடகம் உண்டு. 1783-ல் பார்லிமெண்டு ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டது. பரம ஏழைக்கு மட்டும் விலக்கு. பதிவேட்டில் பரம ஏழைகள் பெருகிவிட்டார்கள்! 1794-ல் வரியை எடுக்க வேண்டியதாயிற்று.

புத்தகத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும் கட்சியும் ஒன்று உண்டு. யார் கேட்டாலும் ‘மேற்றிராணியாரின் அனுமதி வேண்டும்’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள். முன்பெல்லாம் எனக்கு அவர்கள்மேல் பொறுமை இருந்ததில்லை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு என்பதை உலகம் காட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஊட்டா மாகாணத்து மார்மன் சபையார் உலகமெங்கும் பதிவேடுகளைப் படம் பிடித்துச் சேர்க்கிறார்கள். வம்சம் தேடுவோருக்கு அது பெரிய உபகாரம். ஆனால் அவர்கள் இறந்துபோன முன்னோர்களுக்காகவும் ஞானஸ்நானம் செய்கிறவர்கள். ஆகவே பங்குப் புத்தகங்களை அவர்களிடம் கொடுக்க வேண்டாம் என்று ரோமாபுரி 2008-ல் மேற்றிராணிமாருக்கு எழுதிற்று. எங்கள் கொள்ளுத் தாத்தாவைப் பொறுத்தவரை ஒரு ஞானஸ்நானம் போதும். அதை மருத்துவச்சி கொடுத்துவிட்டாள்.

விளையாட்டுப் பேச்சு போகட்டும். 1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்ததும், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் தாங்கள் ஆரிய வம்சம் என்று நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தாத்தா பாட்டிமாரின் ஞானஸ்நான நகல் கேட்டு ஜனங்கள் கோயில் கோயிலாக ஏறினார்கள். யூதராகப் பிறந்து பின்னால் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பாட்டி புத்தகத்தில் அகப்பட்டால், பேரனுக்கு வேலை போயிற்று. வேலையோடு நிற்கவும் இல்லை. இரத்தத்தின் தூய்மையைத் தேடிக் கோயில் புத்தகத்தைப் புரட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அது ஜெர்மனி, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி, தாழ்த்தப்பட்ட வகுப்பார் என்ற உரிமை முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது, 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் நீட்டினார்கள், கிறிஸ்தவருக்கு இல்லை. ஞானஸ்நானம் ஆனதும் சாதி போய்விட்டதாகச் சட்டம் நினைக்கிறது. ஊர் நினைப்பதில்லை. புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அந்தப் பெண்ணுக்குச் சாதிச் சான்று மறுக்கப்பட்டது சரி என்பது தீர்ப்பு. அவருக்கு எதிராக நின்ற சாட்சியங்களில் ஒன்று, அவர் கைக்குழந்தையாக இருந்தபோது எழுதப்பட்ட ஞானஸ்நானப் பதிவு. ஒரு வீட்டில் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிற அதே காகிதம், இன்னொரு வீட்டில் பிள்ளையின் படிப்பையும் வேலையையும் பறித்துவிடும். ‘நம் சபையின் புனிதமான பொக்கிஷம்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது வீட்டுக்கும் ஒரு தரம் போய் வரலாம்.

ஆகையால் உயிரோடு இருப்பவர்களின் பக்கத்தைப் பூட்டியே வையுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்டதைத் திறந்து விடுங்கள். திறந்ததை அரைகுறையாகத் திறக்காதீர்கள். சுவாமியாரிடம் நயமாகப் பேசி, சாதி எழுதிய இடத்தில் மை தடவச் சொல்கிறவர்களும், ‘அந்த ஒரு பக்கத்தை மட்டும்’ பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். பக்கம் போனால் அவர்கள் பாட்டனோடு போவதில்லை. அதே பக்கத்தில் மேலும் கீழும் பத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்துத் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்த ஒரு வரியைத் தவிர உலகத்தில் வேறு அடையாளம் கிடையாது.

தம்பிக்கு எழுதிவிட்டேன். மரம் வேண்டாம், எங்கள் வீட்டுக் கலியாணங்களுக்கு முடிச்சுப் படம்தான் சரியாக வரும். கப்பல் தலைவனை எடுத்துவிடு. செத்துப்போன பிள்ளைகள் எல்லாரையும் பிறந்த வரிசையில் போடு. கொள்ளுத் தாத்தாவின் பதிவை அப்படியே படம் பிடித்து முழுப் பக்கமாகப் போடு. தகப்பன் இடத்தில் சுவாமியார் விட்ட இடத்தை நீயும் விடு. கீழே, ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று எழுதி, மிஞ்சியிருக்கிற அந்த ஓர் எழுத்தைப் போட்டு, பிறகு ஒரு கோடு இழு. இப்படி அச்சிட்டால் முகவுரை எழுதித் தருகிறேன். அந்தப் பக்கத்துக்கு ஆகும் செலவும் என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். அச்சாபீஸுக்குக் கொடுக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறதாம்.